கடன் படாமல் புதுவைக்கு



சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப் பாதை முடிந்து கோயில் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் மனைவியோடு என்னைக் காண வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃபிட்டராக உழைப்பவர் அவர். சட்டைப்பையில் கைக்குட்டை ஒன்று மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. பேசும்போது அடிக்கொரு தரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு தங்க வளையல்கள் அதில் முடிந்திருந்தன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மறுநாள் காலை அடகுக் கடைக்குப் போக வேண்டியவை அவை.

செய்தி இதுதான். வரும் சனவரியில் அவர்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. பாரிஸ் மாநகரில் வாழும் உறவினர் ஒருவர் கைபேசியில் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்நகரின் அன்னை ஆலயத்தை ஒருமுறையாவது காண வேண்டும் என்னும் ஆவல் அந்த அம்மாளின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று அவ்வாலயம் தீப்பற்றி எரிந்ததை நாம் யாவரும் தொலைக்காட்சியில் கண்டோம். 2024 டிசம்பரில் அது புதுப்பொலிவோடு மீண்டும் திறக்கப்பட்டதையும் கண்டோம். பயண முகவர் ஒருவர் எட்டு நாள் சுற்றுலாவுக்கு முன்பணம் கேட்டிருக்கிறார். என்னிடம் அவர்கள் கேட்டு வந்தது நற்சான்றுக் கடிதம் ஒன்று மட்டுமே.

கடிதம் எழுதுவதற்கு முன் கணக்கு எழுதினோம். ஐரோப்பிய நுழைவுரிமைக்கு ஆளொன்றுக்குக் கட்டணம் 90 யூரோ. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வருக்கு 360 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அத்தொகை திரும்பக் கிடையாது. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கில் இத்தனை திங்களாக இவ்வளவு இருப்பு இருந்தது என்று காட்ட வேண்டும். விமானக் கட்டணமோ இவை எல்லாவற்றையும் விழுங்கும். வளையல்கள் முன்பணத்துக்குத்தான் போதும். மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டும். மகளோ பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கப் போகிறாள். அடுத்த ஆண்டு கல்லூரி.

நான் சற்று அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. "ஐரோப்பிய நகரம் பார்க்க வேண்டும் என்றால் புதுவை இருக்கிறதே, அம்மா! பேருந்தில் ஏறினால் நான்கு மணி நேரம்" என்றேன். அந்த அம்மாள் தலை நிமிர்ந்து, "எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் எப்போதும் பக்கத்து ஊர்தானா, சாமி?" என்று கேட்டார்கள்.

எனக்கு விடை தோன்றவில்லை. ஏழைகளுக்குப் போதுமென்ற மனம் பற்றிப் போதிப்பது எளிது. போதிப்பவன் தானே உரோமைக்குச் சென்று வந்தவனாக இருந்தால் அது இன்னும் எளிது! ஆகவே அறிவுரையை நிறுத்திவிட்டு, "பாரிஸில் என்னம்மா செய்வீர்கள்?" என்று மட்டும் வினவினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருப்பேன். இவரோடு தெருவிலே நடப்பேன். இவர் கடிகாரம் பார்க்கக் கூடாது" என்றார்கள். கணவர் குனிந்து தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மிகைநேர வேலைக்குப் போகும் எத்தனையோ குடும்பத் தலைவர்களுள் அவரும் ஒருவர்.

பாரிஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சனவரிக்குப் புதுவை, பாரிஸ் பிறகு என்று முடிவாயிற்று. வளையல்கள் வந்த கைக்குட்டையிலேயே வீடு திரும்பின. மார்ச்சு முதல் டிசம்பர் வரை பத்துத் திங்கள், திங்களுக்கு 800 ரூபாய் வீதம் ஒரு தனி உண்டியலில் சேர்ப்பது என்றும், சேர்ந்த 8,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசும் செலவிடுவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். கணவரின் எழுபது கடந்த தாயாரையும் உடன் அழைத்துச் செல்வது என்பது பின்னர்ச் சேர்ந்த முடிவு. ஆக ஐவர்.

இவர்களுக்காக நான் எழுதிக் கொடுத்த திட்டத்தையும், அவர்கள் திரும்பி வந்து கூறியவற்றையும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படுமே என்றெண்ணி, அவர்களுடைய இசைவோடு இத்திங்கள் எழுதுகிறேன்.

முதலில் ஊரைத் தேர்ந்த காரணம். நம் பகுதிக்கு எட்டிய தொலைவில் ஐரோப்பியர் கட்டிய ஊர்கள் பல உள்ளன. மயிலையும் பரங்கிமலையும் போர்த்துக்கீசியரின் சுவடு பதிந்தவை. ஆயினும் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடி வருகிறோமே தவிர, அவற்றை நாம் பார்ப்பதில்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் 1613-ஆம் ஆண்டுக் கோட்டையின் எச்சமும், கற்களில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டமும் உள்ளன. ஆவடியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. அங்குள்ள கோட்டையும் கடலும் மிக அழகியவை. ஆனால் அது வார இறுதிக்குள் அடங்காது. வேளாங்கண்ணியோடு சேர்த்து மூன்று நாட்களாவது வேண்டும். தெருக்களில் நடக்க வேண்டும் என்பதல்லவோ அந்த அம்மாளின் விருப்பம்? நடப்பதற்கென்றே அமைந்த ஊர் புதுவைதான்.

அந்தத் தெருக்கள் எப்படி அவ்வளவு நேராக அமைந்தன என்பதே ஒரு கதை. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் அங்குப் பிரெஞ்சுக் கும்பெனியின் குடியிருப்பை நிலைநாட்டினார். 1693-இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். ஆறு ஆண்டுகளே வைத்திருந்த அவர்கள், ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டும் தெருக்களை வரைபடமாக வரைந்தார்கள். பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து அதையே பின்பற்றினார்கள். 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை, மாளிகை, கோயில் எதுவும் எஞ்சவில்லை. நான்காண்டுகளுக்குப் பின் பழைய அடித்தளங்களின் மேலேயே நகரம் மறுபடி எழுந்தது. ஆகவே இன்று நாம் காணும் மஞ்சள் சுவர்களுள் பெரும்பாலானவை அவ்வழிவுக்குப் பிற்பட்டவை. தெருக்கள் அதற்கு முற்பட்டவை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாரிஸிலிருந்து விடுமுறைக்குப் புதுவைக்கு வருகிறார்கள்.

இனி நாள் பார்ப்பது. பஞ்சாங்கத்தைவிட விடுமுறைப் பட்டியல் இங்கு முக்கியம். டிசம்பர் இறுதி வாரமும், மூன்று நாள் தொடர் விடுமுறைகளும் கூடவே கூடா. அந்நாட்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர் கூட்டம் புதுவையை மொய்க்கும். அவர்களில் பலர் நாடி வருவது வரலாற்றையன்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அறை வாடகை இரு மடங்காகும். பொங்கல் ஆரவாரம் ஓய்ந்த பின் வரும் சனி ஞாயிறுகள் நல்லவை; வெயிலும் தாழ்ந்திருக்கும். மே திங்களில் முதியவர்களை அழைத்துச் செல்வோர் பின்னர் வருந்துவர். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவிற்கொள்க.

வழி. அம்பத்தூர், ஆவடியில் இருப்போர் மின்சார ரயிலில் சென்ட்ரல் சென்று, எழும்பூர் போய்ப் புதுவை ரயிலைப் பிடிக்கலாம். விழுப்புரம் சுற்றிச் செல்லும் அது. நேரம் கூடும், கட்டணம் குறையும். பூந்தமல்லிப் பக்கத்தினர் வண்டலூர் செல்லும் வெளிவட்டச் சாலையைப் பிடித்துக் கிளாம்பாக்கம் போய்விடலாம். தென்மாவட்டப் பேருந்துகளுக்கென 2023 டிசம்பர் இறுதியில் அங்குப் புதிய நிலையம் திறக்கப்பட்டது. நகருக்குள் போய் மீண்டும் வெளியே வரும் அலைச்சல் மிச்சமாகும். நம் குடும்பத்தினர் பேருந்தையே தேர்ந்தார்கள். பாட்டியம்மாளுக்கு முழங்கால் வலி. ரயில் நிலையப் படிகளை எண்ணியே அம்முடிவு.

உணவில் ஒரு சூழ்ச்சி செய்தோம். சனிக்கிழமைக் காலைக்கும் நண்பகலுக்கும் எலுமிச்சை சாதமும் புளிசாதமும் வெள்ளிக்கிழமை இரவே தயாராயின. அவற்றைச் செய்தவர்கள் தந்தையும் மகனும்! இதை நான் திட்டத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருப்பேன் என்று அந்த அம்மாள் சொன்னது வெறும் பேச்சாகிவிடக் கூடாது அல்லவா? எலுமிச்சை சாதத்தில் உப்பு மிகுந்துவிட்டதாம். அதைக் குறை சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லையாம்.

தங்குமிடத்தில்தான் தவறு நேர்ந்தது, பொறுப்பு என்னுடையதே. துறவற இல்லங்களிலும் கோயில்களைச் சார்ந்த விடுதிகளிலும் பங்குத்தந்தையின் கடிதத்தோடு முன்கூட்டி எழுதினால் குறைந்த செலவில் இடம் கிடைப்பதுண்டு. நான் கடிதம் எழுதத் தாமதித்துவிட்டேன். இடமில்லை என்று விடை வந்தது. பின்னர்த் தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் விடுதியில் ஐவருக்கும் 2,000 ரூபாய் என்று தொலைபேசியில் பேசி முடித்தோம். போய் நின்றபோது சனிக்கிழமை விலை வேறு என்று 2,600 கேட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. கணவர் வாக்குவாதம் செய்யாமல் கொடுத்துவிட்டார். ஆகவே வாசகர்களே, வாடகை எவ்வளவு, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு அறையை விட வேண்டும் என்பவற்றைக் கைபேசிச் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறை கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்தால் போதும். கடலோரத்து வெள்ளையர் பகுதியில் பழைய மாளிகைகளையெல்லாம் விடுதிகளாக்கிவிட்டார்கள். அங்கு ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகை நம்மவர் ஒரு திங்கள் வீட்டு வாடகையை எட்டிவிடும். தெருவில் நடப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

அந்தக் கால்வாயைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கிழக்கே கடல்வரை வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். அக்கரையில் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் வளைவுகளும் கொண்ட வீடுகள், உள்ளே முற்றம், தெருவுக்கு முகம் காட்டாத அமைப்பு. இக்கரையில் தெருவைப் பார்த்த திண்ணை, தாழ்வாரம், மரத்தூண்கள். பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சு முறையிலும் இருக்கும். வைசியாள் வீதியில் இத்தகைய வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்ப்படுத்தியிருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாராட்டு அதற்குக் கிடைத்தது. சுற்றுலா வருவோர் பெரும்பாலும் கால்வாயைத் தாண்டி இப்பக்கம் வருவதில்லை. அவர்களுக்குத்தான் இழப்பு.

அந்தப் பக்கத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாசியாக இருந்தவர் பிள்ளை. 1736 முதல் 1761-இல் தாம் இறக்கும்வரை, விலைவாசி முதல் போர்ச் செய்தி வரை நாட்குறிப்பாகத் தமிழில் எழுதி வைத்தார். 1846-இல்தான் அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அவர் கிறிஸ்தவர் அல்லர். குருக்கள்பால் அவருக்கு அன்பு இருந்ததாகவும் கூற முடியாது. ஆகையாலேயே நாம் அவரைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தைப் புதுவை மக்கள் சம்பா கோயில் என்பார்கள். புனித பவுலின் பெயர் பிரெஞ்சு வாயிலிருந்து தமிழ் வாய்க்கு வந்த உருவம் அது. இப்போதுள்ள கட்டடம் 1791-இல் நிறைவுற்றது. இதற்கு முந்திய இயேசு சபையாரின் கோயில் 1761-இல் ஆங்கிலேயரால் இடிபட்டது என்பதை வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் கூறும். அதே இடத்தை அடுத்து வேதபுரீசுவரர் கோயில் இருந்ததையும், 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது நம் குருக்களும் ஆளுநரின் மனைவியும் முனைந்து நின்று அதை இடிக்கச் செய்ததையும் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அக்கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்து இன்றும் வழிபாட்டில் உள்ளது. இன்னொன்றும் எழுதியிருக்கிறார். 1745-ஆம் ஆண்டுக் குறிப்பு அது. சம்பா கோயிலுக்குள்ளே சாதிக் கிறிஸ்தவர்களையும் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் தட்டிக்கேட்க, அது இடிக்கப்பட்டது. சாதியார் அதனால் கொதித்தனர். சுவர் இருந்த இடத்தில் நாற்காலிகளைப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

இவற்றைத் திட்டத்தில் எழுதிக் கொடுப்பதா என்று இரண்டு நாட்கள் தயங்கினேன். வெள்ளி விழாவுக்குப் போகும் குடும்பத்துக்கு இது எதற்கு என்று ஒரு மனம். பேராலயத்தின் முகப்பழகை மட்டும் காட்டி அனுப்பினால் பிள்ளைகளுக்குப் பாதிப் புதுவையைத்தானே காட்டியவன் ஆவேன் என்று ஒரு மனம். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நடந்ததை அந்த அம்மாள் சொன்னபடி சொல்கிறேன். பேராலயத்தின் உள்ளே, மகள் என் தாளைப் பார்த்துச் சுவரைப் பற்றிய பகுதியைத் தணிந்த குரலில் படித்தாளாம். "சுவர் எந்த இடத்தில் இருந்திருக்கும், அப்பா?" என்று கேட்டாளாம். இது வேறு கட்டடம் என்று தந்தை சொல்லத் தொடங்குமுன், அதுவரை செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த பாட்டியம்மாள் பேசினார்களாம். "எங்கள் ஊர்க் கோயிலில் சுவர் இல்லை. ஆனால் நாங்கள் இடப்பக்கம்தான் நிற்போம். நன்மை வாங்குவதும் அவர்கள் வாங்கிய பிறகுதான். என் அப்பா ஒருநாள் முன்னே போய்விட்டார். அதற்கப்புறம்தான் நாங்கள் ஊரைவிட்டு ஆவடிக்கு வந்தோம்."

ஆவடிக்குத் தொழிற்சாலை வேலை தேடி வந்த குடும்பம் என்றே மகன் இத்தனை காலமும் எண்ணியிருந்தார். ஐம்பது வயது மனிதருக்கு அன்றுதான் தம் குடும்பத்தின் கதை தெரிய வந்தது. வடக்கன்குளத்தில் கோயிலை இரண்டாகப் பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்ட வரலாற்றை நான் குருமடத்தில் பாடமாகப் படித்தவன். பாட்டியம்மாளுக்குப் பல ஆண்டுகளாக நற்கருணை கொண்டு சென்றவனும் நானே. எனக்கும் அவர்கள் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

பேராலயத்திலிருந்து மெல்ல நடந்து கால்வாயைக் கடந்து கடற்கரைக்குப் போனார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அச்சாலையில் வாகனங்களை விடுவதில்லை. நகரமே நடந்து திரிகிறது. 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொணர்ந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள், எதிர்ப்புறம் முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் சென்று மாண்ட வீரர்களின் நினைவிடம், தென்கோடியில் துய்ப்ளேக்சின் சிலை. ஆளுநர் மாளிகைக்கு எதிரே பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம். நீரில்லாத ஊருக்காகத் தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்னும் தாசியின் பெயரால், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது அது. பேரரசன் ஒருவன் தன் பெயரை விட்டு ஒரு தாசியின் பெயரை நிலைநாட்டியது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

கடலோரத்துத் தூதர்களின் அன்னை ஆலயத்தைக் கப்ஸ் கோயில் என்பார்கள். கப்புச்சின் சபையாரால் வந்த பெயர். 1855-இல் நிறைவுற்றது. பிரெஞ்சு மொழியிலும் அங்கு வழிபாடு உண்டு. அதன் படிகளில் அமர்ந்து கடலைப் பார்க்கலாம். பாட்டியம்மாளை மகனோடு அங்கு உட்கார வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் தனியே துய்மா வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்கள். கைக்கடிகாரம் விடுதி அறையில் இருந்ததாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு ரயில் நிலையத்தருகே உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. கோதிக் முறையில் 1902-இல் தொடங்கி 1907-இல் முடித்த கோயில். 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. வண்ணக் கண்ணாடிகள் வழியே காலை ஒளி விழும் நேரத்தில் போக வேண்டும். பாரிஸ் அன்னை ஆலயத்தின் சன்னல்களைக் காண விரும்பிய அந்த அம்மாளுக்காகவே இதை இரண்டாம் நாளுக்கு வைத்தேன். மக்கள் போன பின்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம்.

பின்னர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலம். பிரான்சிலிருந்து திருவுருவம் வந்து சேர்ந்தது 1877-இல். திருக்குளப் படிகளில் பாட்டியம்மாள் இறங்க இயலாதபடியால், பேத்தி ஒரு புட்டியில் நீர் முகந்து வந்து அவர்கள் முழங்காலில் தடவினாள்.

நேரம் இல்லாமல் விடுபட்டவை உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்த ஊர் அல்லவா? ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாக இருக்கிறது. தெற்கே சில கிலோமீட்டரில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோமர் காலத்து மதுச்சாடிகளையும் மட்கலங்களையும் கண்டெடுத்த ஆற்றங்கரை. இன்று அங்குப் போனால் மரங்களுக்கிடையே இடிந்த செங்கற்சுவர்களே தென்படும். பலர் அவற்றை உரோமர் சுவர்கள் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்வார்கள்! அவை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சயாமிலிருந்து போரால் துரத்தப்பட்ட ஒரு குருமடம், 1770-களில் அங்கு வீராம்பட்டினத்துப் பக்கம் அடைக்கலம் கொண்டது. வியத்நாமிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மாணவர்கள் அந்த ஆற்றங்கரையில் இலத்தீன் படித்தார்கள். பூந்தமல்லிக் குருமடத்தில் இலத்தீனோடு நான் பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம் அப்பிள்ளைகள் மேல் எனக்கு இரக்கம் பிறக்கும்.

இலத்தீன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1846-இல் புதுவை மிஷன் அச்சகம் வெளியிட்ட இலத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதியைத் தொகுத்தவர்கள் மூசே, துய்ப்புயி என்னும் இரு குருக்கள். அவர்களுள் துய்ப்புயி அடிகளே, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெண்கல்விக்கென அருட்சகோதரியர் சபை ஒன்றையும் புதுவையில் தொடங்கினார். பேராலயத்தைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்தைக் காணும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கணக்கைச் சொல்லாவிட்டால் குடும்பத் தலைவிகள் என்னை விடமாட்டார்கள். போக்குவரத்து 2,400, தங்குமிடம் 2,600, வெளியில் உண்டது 1,900, நகருக்குள்ளும் வில்லியனூருக்கும் ஆட்டோவும் பேருந்தும் 700. ஆக 7,600 ரூபாய். கோயில் காணிக்கையும் மெழுகுவர்த்தியும் போக உண்டியலில் சில்லறையே மிஞ்சியது, கடன் இல்லை. அந்த 600 ரூபாய் ஏமாற்றம் இல்லாதிருந்தால் பிள்ளைகள் கேட்ட பிரெஞ்சு ரொட்டிக் கடைக்கும் போயிருக்கலாம். ஒன்றும் வாங்காவிட்டாலும் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்தார்களாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மாள் அறை வாசலில் வந்து நின்றார்கள். "எப்படி அம்மா, நம் பிரெஞ்சு ஊர்?" என்று சற்றுப் பெருமிதத்தோடு கேட்டேன். "நல்ல ஊர், சாமி. ஆனாலும் பாரிஸ் பாரிஸ்தான்" என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தை இப்போது தினமும் இரவு பழைய கதை சொல்கிறார்கள். மகள் நோட்டில் எழுதுகிறாள். தரங்கம்பாடிக்கு எந்த மாதம் போனால் வெயில் இருக்காது?" என்று கேட்டார்கள்.

சனவரியும் பிப்ரவரியும் நல்லவை என்றேன். பாட்டியம்மாளின் வீட்டுக்கு இந்த வாரம் நற்கருணையோடு போகும்போது, கூட ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.